குமுதவல்லியின் முகம்

பதினோராயிரத்து நானூறு பேர் அம்மாவுக்காக அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா செத்து நாலு வருஷம் ஆகிறது, அழுகிறவர்களில் ஒருத்தருக்குக்கூட அவள் பெயர் பஞ்சவர்ணம் என்று தெரியாது. காளிராஜ் இரண்டாவது குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் செல்லைப் பார்த்தான். பதினோராயிரத்து அறுநூறு. ஒரு குடம் நிறைகிற நேரத்துக்குள் இருநூறு பேர். செத்தது குமுதவல்லி. டப்பிங் பேசுகிறவர், வடக்கே எடுத்த சீரியலுக்கெல்லாம் மத்தியான வேளையில் தமிழ் பேசின குரல், நேற்று சாயங்காலம் சென்னையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். குரல் எல்லாருக்கும் தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் செத்தவருக்கு ஒரு படம் வேண்டுமே, படம் இல்லாமல் எப்படி அழுவது, நெட்டில் பக்கம் நடத்துகிற ஒவ்வொருத்தனும் தேடியிருக்கிறான், தேடினால் அந்தப் பெயரில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கிறது, அது ‘குமுதவல்லி குரல் ரசிகர்கள்’ என்ற பக்கத்தின் முகப்புப் படம், அந்தப் பக்கத்தை நடத்துகிற ஆள் இங்கே தெருக்குழாயில் பச்சைக் குடத்தோடு நிற்கிற காளிராஜ், படத்தில் இருப்பது குமுதவல்லி இல்லை, அவன் அம்மா. அவ்வளவுதான் விஷயம். காலையிலிருந்து அவன் வேண்டிக்கொண்டது இது தானாக நின்றுவிட வேண்டும் என்றுதான். நின்றுவிடக் கூடாது என்பதும் அதே வேண்டுதலுக்குள் இருந்தது. அதை எவனிடம் சொல்ல முடியும்? குமுதவல்லியின் மகள் என்று ஒருத்தி குரல்பதிவு அனுப்பியிருந்தாள், ஒரு நிமிஷம் பத்து வினாடி, முதல் நாலு வினாடி கேட்டதுமே விரல் தானாகப் போய் நிறுத்திவிட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. யாராவது கேட்டால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் வேண்டுமென்று செய்யாத ஒருத்தன் எப்படிப் படத்தைத் தேடி எடுத்து, ஓரம் வெட்டி, வெளிச்சம் கூட்டி ஏற்றுவான்? சரி, வேண்டுமென்றுதான் செய்தான். அப்போது பதினைந்து வயசு. பக்கம் திறந்தால் படம் போடு, படம் போடு என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது, குமுதவல்லியின் படம் எங்கே தேடியும் இல்லை, கையில் இருந்தது சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது, வீடியோக்காரன் முகத்துக்கு நேரே லைட்டு அடித்ததில் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள், மயில்கழுத்துக் கலர் சேலை. போட்டான். பக்கத்தில் முப்பத்தேழு பேர். முப்பத்தேழு பேருக்கு எந்த முகமாக இருந்தால் என்ன. அதுவும் போக, அவனுக்கு அது பொய்யாகவே படவில்லை. மத்தியானம் ரெண்டு மணிக்கு அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே அந்த சீரியலைப் பார்ப்பாள், அதில் வருகிற மாமியார் பேசப் பேச இவளும் கூடவே பேசுவாள், அவள் சொல்லுவதற்கு அரை நொடி முன்னாலேயே சொல்லிவிடுவாள் சில நாள். “இந்த வீட்டுக் கதவு உனக்கு எப்பவும் திறந்திருக்கும், மருமகளே.” பள்ளிக்கூடம் விட்டு லேட்டாக வந்தால் அதே ராகத்தில், “இந்த வீட்டுச் சோறு உனக்கு எப்பவும் ஆறிக் கிடக்கும், மகனே.” பிறகு அம்மா செத்துப்போனாள், அம்மாவின் குரல் எதிலும் இல்லை, அவள் வைத்திருந்தது பட்டன் செல், ஒரு வீடியோ கிடையாது, கல்யாண வீடியோவிலும் மேளச் சத்தம்தான். ஒரு வருஷம் கழித்து ஒருநாள் அம்மா எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தான், மனசுக்குள் கேட்டது அந்த மாமியாரின் குரல். எவ்வளவு முயன்றும் வேறு வரவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று தேடித்தான் குமுதவல்லி என்ற பெயரையே கண்டுபிடித்தான். முகம் இருந்த இடத்தில் குரல் இல்லை, குரல் இருந்த இடத்தில் முகம் இல்லை, ரெண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்தான், இதில் எவனுக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு அது சரிப்படாது. ஏனென்றால் காலை ஆறே முக்காலுக்கு ‘மத்தியான டிவி’ என்ற பெரிய பக்கத்துக்காரன், கோயம்புத்தூர்ப் பையன் பிரதாப், “ப்ரோ, அம்மா படம் ஒரிஜினல் இருந்தா அனுப்புங்க, என்கிட்ட இருக்கிறது உடைஞ்சு தெரியுது, உங்க பேருக்கு ஒரு நன்றி போட்டுடறேன்” என்று கேட்டிருந்தான். அம்மா படம் என்று கேட்டான் அவன். காளிராஜ் அனுப்பினான். இது குமுதவல்லி இல்லை என்று சொல்ல அப்போதே வாய் இருந்தது, கை இருந்தது, நெட்டும் இருந்தது. அனுப்பினான்.

“ஏ காளி, குடம் வழியுது, செல்ல உள்ள வைடா” என்று சண்முகத்தாய் அக்கா கத்தினாள். வரிசையில் ஆண்பிள்ளை அவன் ஒருத்தன்தான். தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருதரம், முக்கால் மணி நேரம், வீட்டுக்கு ஆறு குடம், முறை வைத்து ரெண்டு ரெண்டாகப் பிடிக்க வேண்டும். முதல் ரெண்டைக் கொண்டுபோய் வீட்டுக்குள் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து வரிசைக் கடைசியில் நின்றான். நின்றதும் செல். கை கூப்பின பொம்மை, உடைந்த நெஞ்சு, ஓம் சாந்தி, ஆழ்ந்த இரங்கல். ‘என் பால்யத்தின் குரல் ஓய்ந்தது’ என்று ஒருத்தன் எழுதியிருந்தான், அவன் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் நேற்று வரைக்கும் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றுமில்லை. ‘கலைஞனை மதிக்காத தமிழ்நாடு’ என்று ஒரு சண்டை, அதற்குக் கீழே நூற்றி அறுபது பேர், ரெண்டு கட்சி, குமுதவல்லியை எல்லாரும் மறந்தே போய்விட்டார்கள். ‘யாருய்யா இது?’ வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் வாங்க என்று ஒருத்தி. ‘அந்தக் கண்களில்தான் எத்தனை சோகம்!’ சோகம் இல்லடா, லைட்டு. ‘முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இந்தக் குரல் இங்கிருந்துதான் வரமுடியும்.’ இதைப் படித்தபோது காளிராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. அவன் மூணு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்ததை முன்பின் தெரியாத ஒருத்தன் சொல்லிவிட்டான். பிறகு ஒரு ஆள், ‘இவங்களைச் சாலிகிராமத்தில் நேரில் பார்த்திருக்கிறேன், அவ்வளவு எளிமை, அவங்க கையால காபி குடிச்சிருக்கேன்.’ பொய். பச்சைப் பொய். அம்மா மதுரையைத் தாண்டிப் போனதே கிடையாது, வீட்டில் காபியே போட்டது கிடையாது. வாயில் வந்த கெட்டவார்த்தையை அப்படியே அடித்தான், அடித்துவிட்டு அனுப்பாமல் அந்தப் பொய்யையே இன்னொருதரம் படித்தான். அம்மா கையால் காபி குடித்த ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறான். கொஞ்ச நேரம் அது நல்லாத்தான் இருந்தது. அவள் செத்தபோது ஒருத்தன் வரவில்லை. கொரோனா ரெண்டாவது அலை, தெருவில் தகரம் அடைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பொதிந்து கட்டி நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள், இருபதடி தள்ளி நின்று பாருங்க என்றார்கள், பார்க்க என்ன இருந்தது, ஒரு வெள்ளைப் பை. அவனும் அப்பாவும் மாமாவும். இந்த ஊரில் சைக்கிள் கடைக்காரர் செத்தால்கூட பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள், பேரன் பெயர் முதற்கொண்டு போட்டு. அம்மாவுக்கு அடிக்கப் பிரஸ் திறந்திருக்கவில்லை. “எல்லாம் திறக்கட்டும், பொறவு அடிச்சிக்கிருவோம்” என்று அப்பா சொன்னார். எல்லாம் திறந்தது. செத்து மூணு மாசம் கழித்து எவன் போஸ்டர் அடிப்பான்? இப்போது பதிமூணாயிரம்.

கேட்டுத்தான் ஆக வேண்டும். வரிசை நகரவில்லை, முன்னால் ரெண்டு பேர் குடம் இடித்துச் சண்டை, காளிராஜ் கரண்ட்டு கம்பத்துப் பக்கம் ஒதுங்கி செல்லைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டான். நாலு வினாடியில் நிறுத்தியதற்குக் காரணம் என்னவென்று இப்போது மறுபடியும் தெரிந்தது. அதே குரல். மகளுக்கு அந்தக் குரலே வாய்த்திருந்தது, கொஞ்சம் இளசு, அழுது கரகரத்தது, ஆனால் அதே. “தம்பி, என் பேரு நித்யகலா, குமுதவல்லியோட பொண்ணு. எங்க டப்பிங் சங்கத்துலேர்ந்து ஒரு ஃப்ளெக்ஸ் கொண்டாந்து வாசல்ல கட்டியிருக்காங்க, ஆளுயரம். அதுல யாரோ ஒரு அம்மா நிக்கிறாங்க. வர்றவங்கல்லாம் ஃப்ளெக்ஸக் கும்பிட்டுட்டு உள்ள வர்றாங்க, எங்கம்மாவப் பாத்ததும் வீடு மாறி வந்துட்டோம்போலன்னு வெளிய போயிடறாங்க. கேட்டா எல்லாரும் உன் பக்கத்தத்தான் சொல்றாங்க. நான் சண்ட போட வரலப்பா. இன்னைக்கு என்னால முடியாது. அந்தப் படத்த அழிச்சிடு. இவங்க குமுதவல்லி இல்லன்னு ஒரே ஒரு வரி போட்டு, நான் அனுப்பியிருக்கற படத்தப் போட்டுடு. பத்தரைக்கு எடுத்துடுவோம், அதுக்குள்ள செஞ்சிடு. ஆயுசு பூரா முகமே இல்லாம வேல பாத்தவங்க தம்பி அவங்க. ஒரு நாளு, இந்த ஒரு நாளாவது…” அதோடு நின்றுவிட்டது, முடித்தாளா வெட்டிப்போனதா தெரியவில்லை. மணி பத்து நாலு. கீழே படம் இருந்தது. ஒடிசலான அம்மா, தடித்த கண்ணாடி, ஆண்பிள்ளைபோல வெட்டின நரைமுடி, கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார், முன்பல் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருந்தது. மூணு வருஷம் தேடின முகம். உலகத்தில் அவனைவிட இதை யார் தேடியிருப்பார்கள்? பார்த்ததும் அவன் நினைத்தது, இந்த முகத்துக்கு அந்தக் குரல் ஒட்டவில்லையே என்றுதான். நினைத்துவிட்டு, சீ, என்ன பயலடா நீ என்றும் நினைத்தான். அவருடைய குரல், அவருடைய பல், அதற்குள் புகுந்துதான் அது வெளியே வந்தது, இதில் ஒட்டுது ஒட்டலைன்னு சொல்ல நீ யார்? பதினொண்ணாவதில் பாதியில் நின்றவன். படிப்பு ஏறவில்லை, நின்றான், அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆனால் இது அந்த மாதிரி இல்லை, இது ஒரு செத்த மனுஷியின் வாசலில் வேற ஆளை நிறுத்திவைக்கிற காரியம். திருட்டு. பெயர் அதுதான், சுற்றி வளைக்க என்ன இருக்கிறது. அழித்துவிடலாம். மூணு புள்ளியைத் தொட்டு, கீழே வந்து, அழி, நிச்சயமா என்று கேட்கும், ஆமா. குடம் நிறைகிற நேரம்கூட ஆகாது. இந்த ரெண்டு குடத்தைப் பிடித்துவிட்டுச் செய்துவிடலாம்.

பிடித்தான், இறக்கினான், திரும்பி வந்தான், அப்போது சண்முகத்தாய் அக்கா மகளின் செல்லைச் சுற்றி நாலைந்து பேர் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். “ஏ காளி, இங்க வா. இது உங்கம்மா தான?” அவன் பக்கத்தில் போய் எட்டிப் பார்ப்பதற்குள், “பஞ்சவர்ணமேதான்டி, இந்தச் சேல ரெண்டு பேரும் சேந்து போயி எடுத்தது, எனக்கும் இதே கலரு” என்று அவளே சொல்லிவிட்டாள். “டிவில பேசுறவளாம்ல! எவனோ கோட்டிப்பய மாத்திப் போட்டிருக்கான்.” “அவ பேசாத பேச்சா? டிவிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.” “இருந்து பாத்திருந்தா குடத்தப் போட்டுட்டுச் சிரிச்சிருப்பா மதினி.” சிரித்தார்கள். கோட்டிப்பயல் பக்கத்தில் நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவைப் பற்றி இந்தக் குழாயடியில் யாரும் பேசி அவன் கேட்டதில்லை, நாலு வருஷத்தில் இதுதான் முதல்தரம். அம்மா போன புதிதில் அவனையும் அப்பாவையும் குழாயைத் தொடவிட மாட்டார்கள், குடத்தைத் தூர வைத்துவிட்டுப் போ, பிடித்து வைக்கிறோம் என்பார்கள், பிடித்து வைத்த குடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பிளீச்சிங் பவுடர் தூவியிருக்கும். அதற்குப் பிறகு அம்மா என்றொருத்தி இருந்ததையே தெரு வாயில் எடுக்கவில்லை, பயந்ததைப் பேசினால் பயந்தது தெரிந்துவிடும் அல்லவா. சிரிப்பு ஓய்ந்ததும் சண்முகத்தாய் அக்கா செல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “லட்சணமாத்தான் இருக்கா. மூஞ்சியக்கூடப் பாக்கல நாங்க. அன்னைக்கு வண்டி போற சத்தம் கேட்டுச்சு, நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ளதான் நின்னேன். பயம்டா காளி. வேற ஒண்ணுமில்ல, பயம்.” முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, “ந்தா, உன் முறை வந்துருச்சு, பிடி” என்று அவனுக்கு முன்னால் இருந்த தன் குடத்தைத் தானே நகர்த்தினாள். அவளை அவன் நாலு வருஷமாக வெறுத்துக்கொண்டிருந்தான், வெறுப்பு பழகிப்போய்ச் சௌகரியமாக இருந்தது, இப்படித் திடீரென்று குடத்தை நகர்த்தினால் ஒருத்தன் என்ன செய்வான்? குடத்தை வைத்தான். பத்து பதினெட்டு.

அப்போதுதான் பிரதாப் அடுத்ததை ஏற்றியிருந்தான். ‘குமுதவல்லி அம்மா நம்மோடு பேசுகிறார், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.’ படத்தை அசையவைக்கிற ஏதோ ஒரு செயலியில் போட்டு எடுத்திருந்தான், பத்து வினாடி. தெரிந்துதான் தொட்டான், இது கம்ப்யூட்டர் செய்கிற வேலை என்று தெரியாதவன் இல்லை அவன். அம்மா கண்ணைச் சிமிட்டினாள். சுருக்கியிருந்த கண்ணை விரித்து, தலையை லேசாகச் சாய்த்து, நேராக அவனைப் பார்த்தாள், வாய் திறந்தது, “இந்த வீட்டுக் கதவு உனக்கு எப்பவும் திறந்திருக்கும்.” அவ்வளவுதான். வாய் சரியாகக்கூட ஒட்டவில்லை, பல் வரிசை அம்மாவுடையதே இல்லை, அம்மா தலையைச் சாய்க்கிற ஆளும் இல்லை, காதில் கம்மல் ஒரு இடத்தில் கரைந்து மறுபடி முளைத்தது. எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் மறுபடி தொட்டான். குடம் வழிந்து கால் நனைந்தது, யாரோ திட்டினார்கள், மறுபடி தொட்டான். அடுத்தது சோறு ஆறிக் கிடக்கும் என்று சொல்வாள் என்று காத்திருந்தான், பத்தாவது வினாடியில் அம்மா வாயை மூடிக்கொண்டாள். கீழே நித்யகலா எழுதியிருந்தாள், கெஞ்சிச் சலித்தவள் எழுதுகிற மாதிரி, ‘இது எங்கம்மா குரல். வேற யாரோ வாயிலேர்ந்து வருது. ப்ளீஸ்.’ அதற்கு ஒருத்தன், ‘விளம்பரம் தேடாதீங்க மேடம், ரசிகர்களுக்குத் தெரியும் அவங்க யாருன்னு.’ நாற்பது பேர் அதற்குக் கை தட்டியிருந்தார்கள். பெற்ற மகளைப் பார்த்து. இந்த அழுகிற கூட்டம் எவ்வளவு ஈரமில்லாதது, நாளைக்கு மத்தியானம் இவர்களில் ஒருத்தன் இருக்கமாட்டான், வேறு ஒருத்தர் செத்திருப்பார், அங்கே போயிருப்பார்கள். அது தெரிந்த ஒரே ஆள் அவன், அந்த மகள் பக்கம் நிற்க வேண்டிய ஒரே ஆளும் அவன்தான், குமுதவல்லிக்கு உலகத்தில் இருந்த உண்மையான ரசிகன் ஒருத்தன் என்றால் அவன். செல் அதிர்ந்தது. அவள் இல்லை. அப்பா. மினி லாரி ஓட்டுகிறவர், காலையில் லோடு ஏற்றிக்கொண்டு தேனிப் பக்கம் போனவர், வாட்ஸாப்பில் அவர் எதையும் அனுப்பியதே கிடையாது, அனுப்பத் தெரியுமா என்றே அவனுக்குத் தெரியாது. அந்தப் பத்து வினாடி வீடியோ. யார் மூலமாகவோ போயிருக்கிறது. ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னடா இது என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அதே வீடியோவை மறுபடியும் அனுப்பியிருந்தார். வண்டியை ரோட்டோரம் நிறுத்தியிருப்பார். நிறுத்தாமல் பார்க்கிற ஆள் இல்லை.

பத்து இருபத்தாறு. குழாயில் வேகம் குறைந்து தண்ணீர் விரல் கனத்துக்கு வந்துவிட்டது, கடைசிக் குடம், யாரும் அவசரப்படுத்தவில்லை, அவனுக்குப் பின்னால் வரிசையே இல்லை. மூணு புள்ளியைத் தொட்டான். வேண்டாம், முதலில் வரியை எழுதுவோம், அதுதான் முறை. ‘இந்தப் படத்தில் இருப்பவர் குமுதவல்லி அம்மா இல்லை. மன்னிக்கவும். இவர்’ என்று அடித்தான். இவர். இவர் என்ன? இவர் யாரும் இல்லை. இவர் என் அம்மா என்று போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், நாற்பது பேர் திட்டுவார்கள், ஏமாற்றுக்காரன் என்பார்கள், அது கிடக்கட்டும், திட்டு வாங்க அவன் பயப்படவில்லை, பயம் வேறு. அதோடு பதினெட்டாயிரம் பேரும் எழுந்து வேறு முகத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள், அங்கேதான் போகவும் வேண்டும், அதுதான் நியாயம், அம்மா மறுபடியும் அந்த வெள்ளைப் பைக்குள் போய்விடுவாள், இந்தத் தரம் பையைக் கட்டுவது அவன் கை. செல்லில் ஒரு செய்தி வந்தது. ‘தம்பி?’ என்று மட்டும் இருந்தது. எழுத்துதான், இருந்தாலும் அவனுக்கு அது குரலாகத்தான் கேட்டது, யாருடைய குரல் என்று பிரித்துச் சொல்ல அவனால் இனிமேல் ஆகாது. பத்து இருபத்தொன்பது. பத்தரை. பத்து முப்பத்திரண்டு. சங்கு ஊதியிருப்பார்கள். சென்னையில் ஒரு வாசலில் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ ஒரு அம்மாவைப் பஞ்சவர்ணம் வழியனுப்பிக்கொண்டிருப்பாள். படத்தை அழித்துவிடு, ஒரு வரி போடு, எங்கம்மா முகத்தைப் போடு என்று சொல்லியிருந்தாள் நித்யகலா. காளிராஜ் அழித்தது, முடிக்காமல் விட்ட அந்த ஒரு வரியை மட்டும்தான்.